ஃபெர்மாவுக்கு வகுப்பெடுத்த பத்து நாட்கள்: பாஸ்டன் 1995 மாநாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்று பேச்செடுத்தால், 1993-ல் கேம்பிரிட்ஜ் கரும்பலகையில் கடைசி வரி எழுதப்பட்டதோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட, இரண்டு வருடம் கழித்து பாஸ்டனில் நடந்ததுதான் சுவாரசியம். ஒருவர் நிரூபித்ததை மற்றவர்கள் பாடமாக உட்கார்ந்து படித்த இடம் அது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் அங்கே போனவன் அல்ல. பிற்பாடு வந்த தொகுப்பைப் படித்து, பாதி புரிந்து, மீதிக்கு முட்டி மோதிக்கொண்டிருப்பவன்.

எந்த மாநாடு இது?

1995 ஆகஸ்ட் 9 முதல் 18 வரை அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த எண் கோட்பாடு, எண்கணித வடிவியல் மாநாடு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் தந்த நிரூபணத்தை அடி முதல் நுனி வரை விளக்குவதுதான் நோக்கம்.

தேற்றம் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 9-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 25. அதாவது இரண்டு வர்க்க எண்களைக் கூட்டி இன்னொரு வர்க்க எண் வருகிறது. இப்படி எத்தனையோ உண்டு. ஆனால் கன எண்களில் இது நடக்காது, நான்காம் அடுக்கில் நடக்காது, அதற்கு மேல் எந்த அடுக்கிலும் நடக்காது என்றார் பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா. பூஜ்யத்தைச் சேர்த்து ஏமாற்றக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

1993-லேயே நிரூபித்தாகிவிட்டதே. 1995-ல் எதற்குத் தனியாக மாநாடு?

1993-ல் நிரூபணம் முடியவில்லை, அதுதான் விஷயம்.

அந்த வருடம் ஜூன் 21, 22, 23 தேதிகளில் கேம்பிரிட்ஜ் ஐசக் நியூட்டன் நிலையத்தில் வைல்ஸ் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். தலைப்பில் ஃபெர்மாவின் பெயரே கிடையாது. மூன்றாம் நாள் முடிவில் தேற்றத்தைப் பலகையில் எழுதிவிட்டு, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். கைதட்டல், செய்தித்தாள், எல்லாம் ஆயிற்று. அப்புறம் சுமார் 200 பக்கக் கையெழுத்துப் பிரதி ஆய்விதழின் மதிப்பீட்டாளர்களிடம் போனது. அவர்களில் ஒருவரான நிக் காட்ஸ் வரிக்கு வரி மின்னஞ்சலில் சந்தேகம் கேட்டுக்கொண்டே வந்தார். பெரும்பாலானவற்றுக்கு உடனே பதில் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. கோலிவாகின், ஃப்ளாக் ஆகியோரின் வழிமுறையை நீட்டித்துப் பயன்படுத்திய இடத்தில் ஓட்டை இருந்தது.

அந்த டிசம்பர் 4-ம் தேதி ஓட்டை இருப்பதை வைல்ஸே எல்லோருக்கும் தெரிவித்தார். 1994-ல் தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் எதுவும் நகரவில்லை. செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை, அந்த முறை ஏன் தோற்றது என்றாவது புரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தவருக்கு, முன்பு தான் கைவிட்ட இவாசாவா கோட்பாட்டு வழியே ஓட்டையை அடைக்கும் என்று பிடிபட்டது. இரண்டு கட்டுரைகள்: வைல்ஸ் தனியாக எழுதியது 109 பக்கம், டெய்லரோடு சேர்ந்து எழுதியது 20 பக்கம். இரண்டும் 1995 மே மாதம் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளிவந்தன.

மே மாதம் அச்சு, ஆகஸ்டில் பாஸ்டன். மூன்று மாத இடைவெளி. இதை வெற்றி விழா என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு முறை கைதட்டிச் சூடு பட்ட கூட்டம், இந்த முறை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது என்றுதான் சொல்வேன்.

வழக்கமான ஆய்வு மாநாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான மாநாட்டில் ஒவ்வொருவரும் தங்கள் புது முடிவை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டு இறங்குவார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பத்தாவது நிமிடத்திலேயே நூல் அறுந்துவிடும். யாரும் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

பாஸ்டன் மாநாடு போதிப்பதற்கென்றே வைத்தது. பேசியவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பைப் பேசவில்லை. நிரூபணம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு துண்டும் அதில் ஊறியவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த வகைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1983-ல் கெர்ட் ஃபால்டிங்ஸ், மோர்டெல் அனுமானத்தை நிரூபித்தார். அதை விளக்குவதற்காக 1984 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 10 வரை கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஸ்டோர்ஸ் வளாகத்தில் ஒரு மாநாடு நடந்தது. அதன் தொகுப்பாசிரியர்கள் கேரி கார்னெல், ஜோசப் சில்வர்மன். பதினோரு வருடம் கழித்து பாஸ்டன் தொகுப்பிலும் அதே இருவர், கூடவே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் க்ளென் ஸ்டீவன்ஸ். பெரிய தேற்றம் ஒன்று வந்தால் கூட்டம் கூட்டிப் பாடம் நடத்துவது என்பது இவர்களுக்குக் கைவந்த வேலை.

எண் கோட்பாடு தெரியும். எண்கணித வடிவியல் என்றால்?

முழு எண்களைப் பற்றிய கேள்வியை ஒரு வளைவரையைப் பற்றிய கேள்வியாக மாற்றிப் பார்ப்பது. வர்க்கங்களின் உதாரணத்தையே எடுங்கள். 3, 4, 5 என்ற மூன்று எண்களைத் தேடுவதும், ஆரம் 1 உள்ள வட்டத்தின் மேல் பின்ன எண்களால் ஆன புள்ளியைத் தேடுவதும் ஒன்றுதான்: 3/5, 4/5. வட்டம் என்றால் எளிது. வளைவரை சிக்கலாக ஆக, அதன் மேல் பின்னப் புள்ளிகள் அரிதாகிக்கொண்டே போகும். எவ்வளவு அரிது என்பதை அந்த வளைவரையின் வடிவமே தீர்மானிக்கிறது. ஃபால்டிங்ஸ் நிரூபித்தது இந்த வகையில் ஒன்றைத்தான்.

யார் யார் பேசினார்கள்?

1997-ல் ஸ்பிரிங்கர் வெளியிட்ட தொகுப்பின் வரிசைப்படி சொல்கிறேன். முதலில் முழு நிரூபணத்தையும் ஒரு பருந்துப் பார்வையில் ஸ்டீவன்ஸ். எலிப்டிக் வளைவரைகளின் (ஒரு பக்கம் வர்க்கம், மறு பக்கம் கனம் வரும் ஒரு வகைச் சமன்பாட்டின் வளைவரைகள்) அரிச்சுவடி சில்வர்மன். மாடுலர் வளைவரைகளுக்கு டேவிட் ரோர்லிக், கால்வா கோஹோமாலஜிக்கு லாரன்ஸ் வாஷிங்டன். குரூப் ஸ்கீம்களுக்கு ஜான் டேட். அப்போது அவருக்கு வயது 70. இந்தத் துறையில் பாதிப் பொருட்களுக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. அவர் மேடையேறி அடிப்படைப் பாடம் எடுத்தார் என்பதே அந்தப் பத்து நாட்களின் குணத்தைச் சொல்லிவிடும்.

ஃபெர்மாவின் தேற்றத்தை எலிப்டிக் வளைவரையோடு முடிச்சுப் போட்ட கெர்ஹார்ட் ஃப்ரை, அந்த முடிச்சை இறுக்கிய கென் ரிபெட், கால்வா பிரதிநிதித்துவங்களை (சமன்பாட்டுத் தீர்வுகள் இடம் மாறும் விதங்களை அணிகளாக எழுதுவது) உருமாற்றிப் பார்க்கும் கோட்பாட்டைத் தொடங்கிய பாரி மேசர் ஆகியோரும் எழுதியிருக்கிறார்கள். 1844 முதல் 1984 வரையான வரலாற்றை மைக்கேல் ரோசன் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு பெயரைக் கவனியுங்கள்: பிரையன் கான்ராட். அப்போது பிஎச்.டி. முடிக்காத மாணவர். டேட்டின் பெயர் இருக்கும் அதே பொருளடக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. இவரை மறுபடி கீழே சந்திப்போம்.

வைல்ஸ் எழுதிய அத்தியாயம் அதில் கிடையாது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், இனி மற்றவர்கள் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது போல.

மாநாட்டு டி-சட்டையில் முழு நிரூபணமும் இருந்ததாமே, உண்மையா?

உண்மை. முன்பக்கம் நிரூபணம், முதுகில் மேற்கோள் கட்டுரைகளின் பட்டியல். ஃபெர்மா தன் நிரூபணத்துக்குப் புத்தகத்தின் ஓரத்தில் இடமில்லை என்று குறித்து வைத்தார் அல்லவா, இவர்கள் பனியன் துணியில் இடம் கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு என்றாலும் அது சரியான நிரூபணம். ஒவ்வொரு வரியும் நூறு பக்கத்துக்கு நிற்கும், அதுதான் சூட்சுமம். நம் மொழியில் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வரி பழைய பாக்கியைத் தீர்க்கிறது. நான்காம் அடுக்கை ஃபெர்மாவே முடித்துவிட்டார். மூன்றை ஆய்லர், ஐந்தை டிரிக்லேயும் லெஜாந்தரும், ஏழை லாமே. அதனால் அடுக்கு 11 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து, ஃபெர்மா சொன்னது தப்பு, அப்படி மூன்று எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரை அந்த எண்களை வைத்து ஒரு வளைவரை எழுதினார்: ந² = க × (க − முதல் அடுக்கு எண்) × (க + இரண்டாம் அடுக்கு எண்). இங்கே க என்பது கிடைத் தூரம், ந என்பது நிலைத் தூரம். இந்த வளைவரை நடக்கவே கூடாத அளவுக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறது. டி-சட்டையில் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது வரியில் வைல்ஸும் டெய்லரும் வருகிறார்கள். இப்படிப்பட்ட எலிப்டிக் வளைவரை ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு மாடுலர் ஃபார்ம், அதாவது ஏகப்பட்ட சமச்சீர் கொண்ட ஒரு சார்பு, உண்டு (உதாரணம் அடுத்த கேள்வியில்). ஒவ்வொரு மாடுலர் ஃபார்முக்கும் ஒரு மட்டம் உண்டு, அதாவது ஒரு முழு எண். தெருவில் வீட்டு எண் மாதிரி. வளைவரையின் பக்கம் இதே எண்ணுக்குப் பெயர் கண்டக்டர். பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான்காவது வரி ரிபெட்டுடையது, 1986-ல் அவர் நிரூபித்தது. அதற்கு வழிவிடும் ஒரு நிபந்தனையை மேசரின் பழைய தேற்றம் ஒன்று நிறைவேற்றுகிறது. ஃப்ரை வளைவரையின் ஜோடி எவ்வளவு பெரிய எண்ணுள்ள வீட்டில் இருந்தாலும் சரி, அதன் சாயல் கொண்ட இன்னொன்று 2-ஆம் எண் வீட்டில் இருந்தே தீர வேண்டும்.

கடைசி வரி: 2-ஆம் எண் வீடு காலி. அங்கே இந்த வகை மாடுலர் ஃபார்ம் ஒன்றுகூட இல்லை. இது பழைய, எளிய கணக்கு. இருக்க வேண்டியவர் இல்லை, ஆகவே ஆரம்பத்தில் வைத்துக்கொண்டது தப்பு, ஆகவே ஃபெர்மா சொன்னது சரி.

இந்தத் தெருவில் 1 முதல் 10 வரை எல்லா வீடும் காலி. முதல் ஆள் இருப்பது 11-ஆம் எண் வீட்டில்.

வளைவரைக்கு மாடுலர் ஃபார்ம் ஜோடி என்றால் என்ன? கையால் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். அந்த 11-ஆம் எண் வீட்டுக்கே போவோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வளைவரை: ந² + ந = க³ − க².

இதைப் பகா எண்களின் மீதியில் தீர்க்கப் போகிறோம். பகா எண் 5 என்று வையுங்கள். க, ந இரண்டுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பு கொடுத்து, இரு பக்கத்தையும் 5-ஆல் வகுத்து மீதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடது பக்கம் முதலில். ந = 0, 1, 2, 3, 4 என்றால் ந² + ந = 0, 2, 6, 12, 20. மீதிகள் 0, 2, 1, 2, 0.

வலது பக்கம். க = 0, 1, 2, 3, 4 என்றால் க³ − க² = 0, 0, 4, 18, 48. மீதிகள் 0, 0, 4, 3, 3.

வலது பக்கம் 0 வரும்போது இடது பக்கத்தில் 0 தரும் ந இரண்டு இருக்கின்றன. அது இரண்டு முறை நடக்கிறது, ஆக 4 தீர்வுகள். 4-ம் 3-ம் இடது பக்கத்தில் இல்லவே இல்லை. மொத்தம் 4.

இதே மாதிரி 2-க்குப் போட்டால் 4 தீர்வு, 3-க்கு 4, 7-க்கு 9. இப்போது பகா எண்ணிலிருந்து தீர்வுகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள்:

2 − 4 = −2
3 − 4 = −1
5 − 4 = 1
7 − 9 = −2

இதை ஓரமாக வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலை செய்வோம். த என்று ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பெருக்கலைப் போடுங்கள்:

த × (1 − த)² × (1 − த²)² × (1 − த³)² × … × (1 − த¹¹)² × (1 − த²²)² × (1 − த³³)² × …

முதல் வரிசையில் 1, 2, 3 என்று எல்லா அடுக்கும் வருகிறது. இரண்டாவது வரிசையில் மறுபடி 11-இன் மடங்குகள் மட்டும். பொறுமையாகப் பெருக்கினால் கிடைப்பது:

த − 2த² − த³ + 2த⁴ + த⁵ + 2த⁶ − 2த⁷ − …

இரண்டாம் அடுக்கின் முன்னால் −2. மூன்றாம் அடுக்கின் முன்னால் −1. ஐந்தின் முன்னால் 1. ஏழின் முன்னால் −2. மேலே நாம் கழித்து எடுத்த அதே எண்கள். 11-ஐ மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், மற்றபடி எந்தப் பகா எண்ணுக்குப் போட்டாலும் இது பொருந்திக்கொண்டே போகும். ஒரு பக்கம் மீதிக் கணக்கில் தீர்வு எண்ணுவது, மறு பக்கம் முடிவில்லாத பெருக்கல். இரண்டுக்கும் எப்படி ஒரே விடை வந்தது? இந்தப் பொருத்தத்துக்குத்தான் மாடுலர் என்று பெயர்.

இந்த ஒரு வளைவரைக்கு இது பழைய செய்தி. எல்லா வளைவரைக்கும் இப்படி ஒரு ஜோடி இருக்கும் என்ற எண்ணத்தின் முதல் வடிவம், ஜப்பானில் 1955 செப்டம்பரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இளைஞரான யுடாகா தானியாமா கொடுத்த கேள்விப் பட்டியலில் வெளிப்பட்டது. கோரோ ஷிமுரா அதைத் துல்லியமாக்கினார். வைல்ஸ் நிரூபித்தது அதில் ஒரு பெரிய பகுதியை. ஃபெர்மா அதில் அடங்கிவிட்டார்.

3-ஐ விட்டு 5-க்குத் தாவுவது என்று ஒரு தந்திரம் சொல்கிறார்களே?

நிரூபணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாஸ்டனில் 3-க்கு ஸ்டீபன் கெல்பார்ட், 5-க்கு கார்ல் ரூபின்.

ஒரு வளைவரை மாடுலர் என்று காட்ட, எங்காவது ஒரு பகா எண்ணில் காலூன்ற வேண்டும். 3-இல் ஊன்றலாம், ஏனென்றால் 3-இன் மீதிகளை வைத்து உருவாகும் 2×2 அணிகளின் குலத்தில் 48 உறுப்புகள்தான். அதைச் சுருக்கினால் நான்கு பொருட்களை இடம் மாற்றும் 24 விதங்கள். நான்காம் படிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு, ஐந்தாம் படிக்குக் கிடையாது என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். அதே காரணத்தால்தான் இங்கே 3 வசப்படுகிறது, 5 வசப்படுவதில்லை. 5-க்கு 480 உறுப்புகள், சுருக்கினால் ஐந்து பொருட்களை இடம் மாற்றும் 120 விதங்கள். 3-க்கான வேலையை லாங்லண்ட்ஸும் டனலும் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார்கள்.

சரி, சில வளைவரைகளுக்கு 3-இல் கால் வழுக்குகிறது. அப்போது என்ன செய்வது? வைல்ஸ் இன்னொரு வளைவரையைத் தேடிப் பிடிக்கிறார். 5-இல் பார்த்தால் அது பழைய வளைவரையின் அச்சு அசல் நகல், 3-இல் பார்த்தால் வழுக்காதது. புதியது 3-இன் வழியாக மாடுலர் ஆகிறது. அதன் 5-ஆம் சாயலும் பழையதன் 5-ஆம் சாயலும் ஒன்று. ஆக, பழையதற்கு 5-இல் காலூன்ற இடம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடி வழியாக நம் வீட்டுக்குள் இறங்குவது போல. 3, 5 இரண்டிலும் வழுக்கும் வளைவரைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான், அவை வைல்ஸுக்குத் தேவையான வகையிலும் சேராது.

ராமானுஜனுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, அல்லது நாமாக இழுக்கிறோமா?

உண்டு. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

பலரும் 1729-ஐச் சொல்வார்கள். 9³ + 10³ = 12³ + 1. ஃபெர்மாவைப் பொய்யாக்க ஒன்றே ஒன்று குறைச்சல். ராமானுஜன் இதை ஒற்றை அதிசயமாக விடவில்லை, இப்படி ஒன்றில் தவறும் கனங்களை வரிசையாகத் தரும் வழியையே எழுதி வைத்திருந்தார்: 135³ + 138³ = 172³ − 1, 791³ + 812³ = 1010³ − 1. அழகுதான். ஆனால் வைல்ஸின் பாதை இந்த வழியாகப் போகவில்லை.

உண்மையான சம்பந்தம் 1916-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. மேலே நாம் போட்ட பெருக்கலை நினைவில் வையுங்கள். ராமானுஜன் எடுத்துக்கொண்டது த × (1 − த)²⁴ × (1 − த²)²⁴ × … என்பதை. விரித்தால் வரும் கெழுக்கள் 1, −24, 252 என்று போகும். ஆறாவது −6048. அது −24 × 252 என்பதை அவர் கவனித்தார். பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்ணுக்கும் இப்படித்தான் என்று ஊகித்தார், அடுத்த வருடமே மோர்டெல் நிரூபித்தார். பிற்பாடு ஹெக்கே இதை முழுக் கோட்பாடாக்கினார், வைல்ஸின் நிரூபணத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருவது அந்த ஹெக்கே இயற்கணிதம்தான்.

மேலே போய் 11-இன் விரிவையும் பாருங்கள். ஆறின் முன்னால் 2. அது (−2) × (−1). கும்பகோணத்துக்காரர் பார்த்த அதே விஷயம்.

இன்னொன்று: அவருடைய கெழுக்களை 691-ஆல் வகுத்தால் ஓர் எளிய ஒழுங்கு கிடைக்கும் என்றும் அவர் காட்டினார். அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று செர், டெலின் போன்றவர்கள் தோண்டியபோதுதான் மாடுலர் ஃபார்முக்குப் பின்னால் கால்வா பிரதிநிதித்துவம் ஒளிந்திருப்பது துலங்கியது.

நம் ஊரில் இப்படி மாநாடு நடக்கிறதா?

கும்பகோணத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம், ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22-ஐ ஒட்டி எண் கோட்பாட்டு மாநாடு நடத்துகிறது. 2005 முதல் ஒரு பரிசும் தருகிறார்கள். ராமானுஜன் 32 வருடம் வாழ்ந்தவர் என்பதால் பரிசு பெறுபவரின் வயதும் 32-ஐத் தாண்டக்கூடாது. முதல் வருடம் மஞ்சுல் பார்கவா, கண்ணன் சௌந்தரராஜன் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். எண்கணித வடிவியலில் இன்று முன்னணியில் நிற்கும் பீட்டர் ஷோல்ஸ 2013-ல் பெற்றார், ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து.

ஃபெர்மாவிடம் உண்மையிலேயே நிரூபணம் இருந்ததா?

இருந்திருக்காது என்பது என் எண்ணம். நான்காம் அடுக்குக்கான நிரூபணத்தை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். எல்லா அடுக்குக்கும் தெரிந்தவர் எதற்கு ஒன்றை மட்டும் தனியாக எழுத வேண்டும்? ஓரக் குறிப்பு தனக்காக எழுதியது, அச்சில் போட்டது அவர் இறந்தபின் மகன்.

அந்தப் பத்து நாட்களுக்குப் பிறகு என்ன ஆனது?

வைல்ஸ் எல்லா எலிப்டிக் வளைவரைகளையும் பிடிக்கவில்லை, ஒரு வகையைத்தான் பிடித்தார். மீதியை எட்டிப் பிடிக்கும் முதல் அடியை ஃப்ரெட் டயமண்ட் பாஸ்டனிலேயே விளக்கினார். 2001-ல் முழு நிரூபணம் அச்சேறியது. எழுதியவர்கள் நால்வர்: பிரோய், கான்ராட், டயமண்ட், டெய்லர். ஆமாம், மாணவராக இருந்துகொண்டே அந்தத் தொகுப்பில் எழுதிய அதே கான்ராட்.

பாஸ்டனில் பாஸ் எடிக்ஸ்ஹோவன் விளக்கியது செர் முன்வைத்த அனுமானத்தை. அன்றைக்கு அது வெறும் அனுமானம். அதை நிரூபித்தவர்கள் மும்பையில் பிறந்த சந்திரசேகர் கரேயும் பிரான்ஸின் வின்டன்பெர்கரும், கட்டுரைகள் 2009-ல் வெளிவந்தன. அது கையில் இருந்தால் ஃபெர்மாவின் தேற்றம் இன்னும் குறுக்கு வழியில் வந்துவிடும். இப்போது டி-சட்டை தைத்தால் இரண்டு வரி மிச்சம்.

இதனால் என்ன பயன்?

ஃபெர்மாவின் தேற்றத்தால் எதுவும் இல்லை. எலிப்டிக் வளைவரைகளால் நிறைய உண்டு. 1985-ல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியாக இவற்றை வைத்துச் சங்கேத முறை அமைக்கலாம் என்றார்கள். உங்கள் கைபேசியில் செய்தி பத்திரமாகப் போவதற்குப் பின்னால் மேலே நாம் போட்ட மாதிரி மீதிக் கணக்குத்தான் இருக்கிறது. பகா எண் மட்டும் 5 அல்ல, எழுபது எண்பது இலக்கம்.

நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். அந்தத் தொகுப்பைப் படிக்க முடியுமா?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கப் போனால் ஒரு வாரத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் மூடினேன். குலங்கள், வளையங்கள், கால்வா கோட்பாடு, சிக்கலெண் பகுப்பாய்வு இவ்வளவும் கைவசம் வந்த பிறகு சில்வர்மனின் அத்தியாயத்தில் தொடங்குங்கள். ரோசனின் வரலாற்றுக் கட்டுரையை இடையிடையே படிக்கலாம், மூச்சு வாங்க உதவும். டேட்டின் அத்தியாயத்துக்கு எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தால் நல்லது. ஸ்டீவன்ஸின் முன்னோட்டத்தை இப்போது ஒரு முறை, மூன்று வருடம் கழித்து ஒரு முறை படியுங்கள்.

அதுவரை, 11-ஆம் எண் வீட்டுக் கணக்கை 13-க்குப் போட்டுப் பாருங்கள். க-வுக்கு 13 மதிப்பு, ந-வுக்கு 13 மதிப்பு, அரை மணி நேர வேலை. தீர்வுகள் 9 வர வேண்டும். 10 வந்தால், க = 10 என்ற இடத்தை மறுபடி பாருங்கள். அங்கே ஒரே ஒரு ந-தான் உண்டு.